லயத்துக்குத் தூக்கம் வேண்டும்

போன வருடம் வைகாசி மழை தொடங்கிய வாரத்தில், என் ஏழாம் தர வகுப்பில் முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் கடைசி வாங்குக்குப் போய்விட்டான். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழும்பவில்லை. கொப்பியைக் கேட்டால் மேசையில் வைத்துவிட்டு உடனே கைகளைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இடைவேளையில் தனியே அழைத்துக் கைகளைக் காட்டச் சொன்னேன். விரல் இடுக்குகளில் சிறு சிறு கொப்புளங்கள். மணிக்கட்டில் நகம் கிழித்து இரத்தம் காய்ந்த கோடுகள்.

"ராவெல்லாம் அரிக்குது டீச்சர். தம்பிக்கும் அப்பிடித்தான், அம்மாவுக்கும் அப்பிடித்தான். வீட்டுல யாருமே தூங்குறதில்ல" என்றான். கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலே, "நான் தெனமும் குளிக்கிறேன் டீச்சர்" என்றான்.

அந்தக் கடைசிச் சொல் என்னைச் சுட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் நோயைச் சொல்லி முடிக்குமுன் தன் சுத்தத்துக்குச் சாட்சி சொல்கிறான். அதே சாட்சியை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்.

நான் கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா பால் வெட்டினார். லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசைவீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். விளக்கை அணைத்த பிறகு முதலில் கேட்பது கூரைத் தகரத்தில் மழை. அது ஓய்ந்தால் அடுத்துக் கேட்பது நகங்களின் சத்தம். ஒருவர் சொறியத் தொடங்கினால் பாய் முழுவதும் சொறியும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவிலும் அதே சத்தம். இருட்டோடு எழும்பி அம்மா பால் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நான்காம் வகுப்பில் என்னையும் இன்னும் மூன்று பேரையும் தனி வாங்கில் உட்காரவைத்தார்கள். லயத்துப் பிள்ளைகள் குளிப்பதில்லை என்று வகுப்பின் முன்னால் சொன்னார்கள். நாங்கள் பீலித் தண்ணீரில் நாள் தவறாமல் குளித்த பிள்ளைகள்.

இன்று இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நரம்புத் தொகுதி வரும்போதெல்லாம் அரிப்புக்கென்று ஒரு பாடவேளையைக் கூடுதலாக எடுக்கிறேன். அரிப்பு வலியின் தம்பி அல்ல, அழுக்கின் அடையாளமும் அல்ல. முண்ணாணில் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கும் தனித் துன்பம் அது. இதை எங்கள் தோட்டங்களும் மருந்துச்சாலைகளும் பாடசாலைகளும் ஏற்றுக்கொண்டால், சொறிக்கு ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து அனுப்பும் பழக்கம் நிற்கும். லயம் முழுவதற்கும் ஒரே நாளில் வைத்தியம் நடக்கும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

வலியும் அரிப்பும் ஒன்றல்ல என்பதை எங்கள் பேச்சு எப்போதோ அறிந்திருக்கிறது. நமைச்சல், ஊறல், தினவு, கடி, அரிப்பு என்று இதற்கு எத்தனையோ சொல் வைத்திருக்கிறோம். செடியின் மேல் படிந்து தோலில் ஏறும் நுண்மயிருக்குச் சுணை என்று தனிப் பெயரே உண்டு. சிங்களத்திலும் வலிக்கிறது என்பதற்கு ரிதெனவா, அரிக்கிறது என்பதற்குக் கஹனவா. வலித்தால் கையை இழுத்துக்கொள்கிறோம். அரித்தால் கையைக் கொண்டுபோகிறோம். 1660-ல் ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் அரிப்புக்குக் கொடுத்த விளக்கமும் இதுவே: சொறியத் தூண்டும் வேண்டாத உணர்வு. ஆனால் அவருக்குப் பிறகும் நெடுங்காலம், அரிப்பு என்பது மெலிந்த வலி, ஒரே நரம்பு மெல்லத் துடித்தால் அரிப்பு, பலமாகத் துடித்தால் வலி என்ற எண்ணம் மருத்துவத்தில் நிலைத்திருந்தது. சின்ன வலியென்றால் சின்னக் கவனம் போதுமல்லவா? அந்தக் கணக்கில்தான் எங்கள் இரவுகள் போயின.

இரண்டும் வேறு என்பதை என் உடம்பிலேயே ஒருமுறை கண்டேன். என் இரண்டாவது பிள்ளை சத்திரசிகிச்சையில் பிறந்தபோது முதுகில், முள்ளந்தண்டுக்குள், மோர்ஃபின் கலந்த ஊசி போட்டார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், வலி இல்லை. ஆனால் இரவு முழுவதும் மூக்கும் கன்னமும் அரித்தன. பூச்சி கடிக்கவில்லை, தடிப்பு இல்லை, தோலில் ஒரு புள்ளியும் இல்லை. முள்ளந்தண்டு வழி மோர்ஃபின் பெறும் தாய்மார் பலருக்கு இப்படி வரும் என்று தாதி சொன்னார். அரிப்பு சின்ன வலியாக இருந்தால், வலியை அணைத்த மருந்து அதையும் அணைத்திருக்க வேண்டும். வலி போன வாசலால் அரிப்பு வந்தது. அப்படியானால் அதற்கு வேறொரு பாதை இருக்கிறது.

அந்தப் பாதையைக் கரும்பலகையில் நான் இப்படி வரைகிறேன். கணுக்காலில் அட்டை கடித்த இடம் அரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தோலுக்குள் ஒரு நரம்புக்கலத்தின் நுனி இருக்கிறது. அந்தக் கலத்தின் உடல் காலில் இல்லை. இடுப்புக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டின் ஓரமாக உள்ள சிறு முடிச்சில் இருக்கிறது. ஒரே ஒரு கலம், பிள்ளையின் கால் அளவு நீளத்துக்கு நூலாக நீண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனை தோலில். மறுமுனை முண்ணாணின் முதுகுப்புறக் கொம்புக்குள். செய்தி அதில் மெதுவாகவே வருகிறது, ஆள் நடக்கும் வேகத்தைப் பெரும்பாலும் தாண்டாது. 1997-ல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ட்ஸும் அவருடைய குழுவினரும் மனிதத் தோலில் இப்படிப்பட்ட மெதுவான நார்களைக் கண்டார்கள். அரிப்பூட்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் பட்டவுடன் அவை துடித்தன. ஆள் அரிப்பை உணர்ந்த நேரமும் அவை துடித்த நேரமும் பொருந்திப் போயின.

முண்ணாணுக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குப் பத்து வருடங்களுக்குப் பிறகே தெளிந்தது. 2007-ல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகர வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சோ-ஃபெங் சென்னும் யான்-காங் சன்னும் முதுகுப்புறக் கொம்பிலுள்ள ஒரு வாங்கியைச் சுட்டிக் காட்டினார்கள். ஜிஆர்பி என்ற சிறு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி அது. அந்த வாங்கி இல்லாமல் பிறந்த எலிகள் அரிப்பூட்டும் பொருள் பட்டபோது குறைவாகவே சொறிந்தன. 2009-ல் அவர்கள் அந்த வாங்கியைத் தாங்கிய நரம்புக்கலங்களையே எலிகளின் முண்ணாணிலிருந்து அழித்துப் பார்த்தார்கள். அரிப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. சூடு பட்டால் அந்த எலிகள் காலை எடுத்தன, அழுத்தினால் விலகின. வலி அப்படியே இருந்தது. வலிக்குப் பங்கம் வராமல் அரிப்பை மட்டும் கழற்றி எடுக்க முடிந்தது.

2013-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் சந்தோஷ் மிஸ்ராவும் மார்க் ஹூனும் இந்தச் சங்கிலியின் முன் கண்ணியைக் கண்டார்கள். தோலிலிருந்து வரும் முதற்கலம் முண்ணாணில் என்பிபிபி என்ற பெப்ரைட்டைச் சுரக்கிறது. அதை வாங்கிய இரண்டாம் கலம் ஜிஆர்பியைச் சுரக்கிறது. அதை வாங்கிய மூன்றாம் கலம் விழித்துக்கொள்கிறது. முதற்செய்தி இல்லாத எலிகள் ஏறக்குறையச் சொறியவே இல்லை. அவற்றின் முண்ணாணுக்கு ஜிஆர்பியை நேரே கொடுத்தபோது சொறிந்தன. கலம் கலமாகச் செய்தி கைமாறி, கடைசியில் முண்ணாணின் மறுபக்கம் கடந்து மூளைக்கு ஏறுகிறது. அப்போதுதான் "அரிக்குது" என்று வாய் சொல்கிறது. கை அதற்கு முன்னமே புறப்பட்டிருக்கும். சொறிதலின் தாளம் முண்ணாணுக்குள்ளேயே இருக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் ஷெரிங்டன் நாய்களில் காட்டியிருந்தார். மூளையோடு தொடர்பு அறுந்த பின்னும் நாயின் பின்னங்கால் சொறிந்தது. "சொறியாதே" என்று பிள்ளையின் கையில் அடிப்பவர்கள் இதை ஒருமுறை நினைக்கவேண்டும். தூக்கத்தில் சொறியும் கைக்கு எந்த அடி கேட்கும்?

இந்தப் பாடம் எடுத்தபோது ஒரு மாணவி எழும்பி, "அந்தக் கலத்த எடுத்துட்டா அந்த எலிக்கு நிம்மதிதானே டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. உண்ணி ஏறினாலும், தோலில் பூச்சி துளைத்தாலும் அந்த எலிக்குத் தெரியாது. அரிப்பு உடம்பின் காவல். கோளாறு காவலில் இல்லை, கூப்பிடும் சத்தம் கேட்டும் நாங்கள் எழும்பாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன்.

சொறிந்தால் ஏன் சுகம்? அதற்கும் விடை முண்ணாணில் இருக்கிறது. நகம் கீறும்போது வருவது வலிச் செய்தி. அது முண்ணாணில் உள்ள தடுப்புக் கலங்களை எழுப்புகிறது. அவை அரிப்புக் கலங்களை அடக்குகின்றன. சாரா ரொஸ்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 2010-லும் 2014-லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் தடுப்புக் கலங்களை அடையாளம் காட்டின. அவை டைனோர்ஃபின் என்ற பொருளைச் சுரக்கின்றன. குளிர்ச்சியூட்டும் மெந்தோல் பட்டாலும் வேலை செய்கின்றன. ஈரத்துணியைப் பிழிந்து எங்கள் முதுகில் போட்ட பாட்டிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் அவர் கை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சொறிந்த சுகம் நிலைக்காததற்கும் காரணம் உண்டு. வலியைத் தணிக்க மூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கி வரும் செரட்டோனின் அரிப்புச் சுற்றை மறுபடி கிளறிவிடுகிறது என்று 2014-ல் சென்னின் குழு எலிகளில் காட்டியது. சொறிந்தால் வலி, வலியைத் தணிக்க வந்தது அரிப்பைக் கூட்டும், கூடியதைச் சொறிய மறுபடி கை போகும். தோல் கிழியும்வரை இந்தச் சுழல் நிற்பதில்லை. பிள்ளையிடம் மனக்கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது அநியாயம்.

பகலில் வேலையில் மறந்திருக்கும் அரிப்பு பாயில் சாய்ந்தவுடன் வருவதை லயத்தில் எல்லோரும் அறிவார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அர்ணாப் பாரிக்கின் ஆய்வுக்கூடம், திடீர் நெருக்கடி வரும்போது மூளையின் ஒரு பகுதி அரிப்பை அடக்குவதை எலிகளில் காட்டியிருக்கிறது. கொழுந்து நிறுத்துப் போடும்வரை, வெட்டு மரம் முடியும்வரை உடம்பு எதையோ அடக்கி வைத்திருக்கிறது என்று அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது. ஒரு பெண் பகலில் சொறியாமல் வேலை செய்கிறாள் என்பதால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

தோலில் எதுவும் இல்லாமலே அரிப்பு வரும் என்பதை அம்மாவிடம் படித்தேன். எழுபத்தொரு வயதில் அவருக்கு வலது விலாவில் அக்கி வந்தது. காவி பூசினோம், வைத்தியசாலைக்கும் போனோம். ஒரு மாதத்தில் கொப்புளங்கள் ஆறின. அரிப்பு மட்டும் போகவில்லை. சீப்பின் பல்லால் விலாவைச் சொறிந்துகொண்டு விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒரு வைத்தியசாலையில் "ரிதெனவாத?" என்று கேட்டார்கள். "நே, கஹனவா" என்றார் அம்மா. சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, தோலில் ஒன்றும் இல்லை, வயதானால் அப்படித்தான் என்று பிரிட்டோன் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நான் பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க போல."

அம்மா பொய் சொல்லவில்லை. சின்ன வயதில் கொப்புளிப்பானாக வந்துபோன வைரஸ், முள்ளந்தண்டின் ஓரத்தில் உள்ள அதே நரம்பு முடிச்சுகளில் ஆண்டாண்டாக ஒளிந்திருந்து, முதுமையில் அக்கியாக எழும்புகிறது. போகும்போது அந்த நரம்புக்கலங்களைச் சிதைத்துவிட்டுப் போகிறது. சிதைந்த கலம் யாரும் தொடாமலே முண்ணாணுக்குச் செய்தி அனுப்புகிறது. அரிப்பு தோலில் தெரிகிறது. நோய் நரம்பில் இருக்கிறது. எட்டு மாதத்துக்குப் பிறகு வேறொரு இடத்தில் ஓர் இளம் வைத்தியர், விலாவை விரலால் தொட்டுப் பார்த்து, "இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே அம்மாவின் கண் கலங்கியது. நரம்புக்கான கபபென்டின் எழுதிக் கொடுத்தார். முழுவதும் போகவில்லை, பாதியாகக் குறைந்தது. அம்மா தூங்கினார்.

பிரிட்டோனை நான் குறை சொல்லவில்லை. நுளம்புக் கடிக்கும், ஒவ்வாமைத் தடிப்புக்கும் அது உதவும். ஏனென்றால் அங்கே அரிப்பை மூட்டுவது பெரும்பாலும் ஹிஸ்டமின், மருந்து அதன் வாசலை அடைக்கிறது. ஆனால் அரிப்புக்கு வேறு வாசல்களும் உண்டு. பூனைக்காலிக் காயின் சுணை பட்டவர்களுக்கு அது தெரியும். அந்த மயிரில் உள்ள மியூக்குனைன் என்ற நொதியம் ஹிஸ்டமினின் உதவியில்லாமலே நரம்பு நுனியைத் தூண்டுகிறது. சிறுநீரக நோயாளரின் அரிப்பும், அக்கிக்குப் பின்வரும் அரிப்பும், தீராத கரப்பானின் அரிப்பும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கும் நோயாளரின் அரிப்புக்கென்றே, டைனோர்ஃபின் வேலை செய்யும் அதே வாங்கியில் போய் உட்காரும் மருந்தை 2021-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. அந்த மருந்து நாளைக்கே எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அரிப்பு என்று வருபவர் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துவிட்டு, குறையாவிட்டால் ஆளைச் சந்தேகிக்கும் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கிறேன்.

இனிச் சொறிக்கு வருகிறேன். எங்கள் லயங்களில் அரிப்பின் பெரிய பங்கு அதுதான். 1687-லேயே இத்தாலியில் ஜியோவானி கொசிமோ பொனோமோவும் டியாசின்தோ செஸ்தோனியும் நுணுக்குக்காட்டியில் தோலைத் துளைக்கும் ஒரு சிறு பூச்சியைப் பார்த்து, சொறிக்குக் காரணம் இதுவே என்று எழுதிவைத்தார்கள். கெட்ட இரத்தமும் இல்லை, அழுக்கும் இல்லை. பெண் பூச்சி அரை மில்லிமீற்றருக்கும் சிறியது. தோலின் மேற்படையில் துளைத்துப்போய் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடுகிறது. ஓர் ஆளின் உடம்பில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருக்கும். அவ்வளவு குறைந்த பூச்சிக்கு உடம்பு முழுவதும் அரிப்பதற்குக் காரணம், பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் எதிராக உடம்பு காட்டும் ஒவ்வாமை. முதல் தடவை தொற்றினால் அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பூச்சி மட்டும் பாயில் பக்கத்தில் படுத்தவருக்குப் போய்விடும்.

தனி ஆளுக்கு வைத்தியம் செய்வது வீணாவது இதனால்தான். சொறிகிற பிள்ளைக்கு மருந்து பூசுகிறோம். அரிப்பு இன்னும் தொடங்காத தங்கச்சியும் அப்பாவும் சுவருக்கு அடுத்த பக்கத்துச் சின்னம்மாவும் பூச்சியோடு இருக்கிறார்கள். மூன்று வாரத்தில் பிள்ளைக்குத் திரும்ப வருகிறது. "மருந்து பலிக்கல, அவன் சரியாப் பூசல, சுத்தமில்ல" என்று பழி வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஆறு பேரைப் படுக்கவைத்த கட்டிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முழு ஊருக்கும் ஒன்றாக வைத்தியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பீஜித் தீவுகள் சாட்சி. 2015-ல் வெளியான ஆய்வில், நோயுள்ளவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டும் மருந்து கொடுத்த இடத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு சொறி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த தீவுகளில் 32 சதவீதமாக இருந்த சொறி 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்த மாத்திரை பொருந்தாது. அவர்களுக்குப் பூசும் களிம்பு இருக்கிறது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சொல்லை வாசித்தபோது எங்கள் தனி வாங்கு நினைவுக்கு வந்தது.

சொறி தோலோடு நிற்பதுமில்லை. கிழிந்த தோலில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி புகுந்தால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் அழற்சியடைகிறது. முகம் வீங்கி, சிறுநீர் கறுத்துவரும் பிள்ளையின் கதை பல சமயம் ஒரு விரல் இடுக்கில் தொடங்கியிருக்கும்.

ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களிடமும் நான் கேட்பவை இவை. ஒரு காம்பராவில் சொறி கண்டால் அந்த லயம் முழுவதற்கும் ஒரே மாலையில் மருந்து கொடுங்கள்; ஒரு வாரம் கழித்து இரண்டாம் தடவையும் கொடுங்கள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு குழாய்க் களிம்பு கொடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நக இடுக்கு விடாமல் பூசி இரவு முழுவதும் வைத்திருக்கவேண்டும் என்பதைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் எங்கள் ஆட்கள் மருந்தின் மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடச் சொல்கிறீர்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வெயில் எங்கே இருக்கிறது? உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். மருந்துச்சாலைக்குப் போகும் அரைநாளுக்கும் சம்பளத்துக்குப் பேர் போடுங்கள். பேர் போய்விடுமென்ற பயத்தில் எத்தனை பெண்கள் அரிப்போடு மலைக்குப் போகிறார்கள்!

வைத்தியர்களிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வியை. வலி என்று வருபவரிடம் எவ்வளவு வலி என்று கேட்கிறீர்கள். அரிப்பு என்று வருபவரிடம் எவ்வளவு தூங்கினீர்கள் என்று கேளுங்கள். தோலில் எதுவும் இல்லாத முதியவரின் அரிப்பை நரம்பிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் தேடுங்கள். என் சக ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் எளிது. சொறியுள்ள பிள்ளையைத் தனி வாங்கில் இருத்தாதீர்கள். குடும்ப நல உத்தியோகத்தருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

நான் எடுத்தேன். பையனின் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. மருந்துச்சாலை பாதிப் பேருக்குக் களிம்பு கொடுத்தது. மீதிக்குத் தோட்டத்துக் கோயில் கமிட்டி, திருவிழாவுக்குச் சேர்த்த காசிலிருந்து வாங்கிக் கொடுத்தது. ஒரு சனிக்கிழமை மாலை கைக்குழந்தை முதல் பாட்டிவரை எல்லோரும் பூசிக்கொண்டார்கள். பிள்ளைக்காம்பரா ஆயா வாசல் வாசலாகப் போய், விடுபட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. திருவிழாக் காசு ஒவ்வொரு வருடமும் இதற்கு வராது. வரவேண்டிய கட்டாயமும் இல்லை. அது அரசாங்கமும் தோட்டமும் செய்யவேண்டிய வேலை.

பையன் உடனே மாறிவிடவில்லை. முதல் இரண்டு வாரமும் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. நான்காம் வாரம் ஒரு திங்கட்கிழமை, நான் வகுப்புக்குள் போகும்போது முன் வாங்கில் உட்கார்ந்திருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. வரவுப்பதிவு எடுத்து முடிந்ததும் அவனாகவே சொன்னான்: "நேத்து ராவு அம்மா ஒருக்காகூட எழும்பல டீச்சர். காலையில நான்தான் அவங்கள எழுப்பினேன்."